கைப்பேசியில் இருக்கும்போது கையால் ஏன் செய்ய வேண்டும்?

இன்றைய மாணவர் ஒருவரின் கைப்பேசியில் வீணை, வயலின், புல்லாங்குழல், தவில் என எல்லாக் கருவிகளின் ஒலிகளும் அடங்கியிருக்கின்றன. திரையில் விரல் வைத்தால் போதும். விரும்பிய கருவி ஒலிக்கும். இத்தகைய காலத்தில், ஓர் அட்டைப்பெட்டி, கொஞ்சம் அலுமினியத் தாள், சில கம்பிகள், ஒரு சிறிய கணினிப் பலகை ஆகியவற்றைக் கொண்டு மாணவர் தாமே ஓர் இசைக்கருவியைச் செய்ய வேண்டுமா? பல நாள் உழைத்துச் செய்தாலும் அதன் ஒலி கைப்பேசியின் ஒலியைவிட இனிமையாக இருக்கப்போவதில்லையே!

ஆயினும், உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் இப்படியொரு கருவியைச் செய்து பார்க்க வேண்டும். அதற்கான காரணம் எளியது. கடையில் வாங்கும் கருவியில் எந்தெந்த ஒலிகள் பிறக்கலாம் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. வாங்கியவர் அந்த எல்லைக்குள் நின்று வாசிக்கிறார். செய்து பார்த்தவருக்கோ, அந்த எல்லையை வகுத்தவர் ஒரு மனிதர்தான் என்பது புரிகிறது. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றவும் முடியும் என்ற துணிவும் அவருக்குப் பிறக்கிறது.

உள்ளங்கையில் ஒரு கணினி

முற்காலத்தில் மின்னணு இசைக்கருவி செய்வது பெரும்பாலும் பொறியாளர்களுக்கு உரிய வேலையாக இருந்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இளையர்கள் நிரலாக்கம் பழகுவதற்காகவே அது குறைந்த விலையில் தயாரிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் பிபிசி ஒலிபரப்புக் கழகம், பிரிட்டன் பள்ளி மாணவர்களுக்கு மைக்ரோபிட் என்னும் அதைவிடச் சிறிய பலகையை இலவசமாக வழங்கியது. ஏறத்தாழ ஒரு மில்லியன் பலகைகள் அவ்வாறு வழங்கப்பட்டன. அதன்பின் மைக்ரோபிட் பல நாடுகளுக்கும் பரவியது. சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் அது பழக்கமான ஒன்றாகிவிட்டது.

ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் அளவே உள்ள அந்தப் பலகையில் 25 சிறு விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் இருக்கின்றன. பலகை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அறியும் உணரியும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய வகையில் ஒலிபெருக்கியும் சேர்க்கப்பட்டது. பலகையின் கீழ் விளிம்பில் 0, 1, 2 என எண்ணிடப்பட்ட மூன்று முனைகள் உள்ளன. கவ்வி பொருத்திய கம்பிகளால் அவற்றை அலுமினியத் தாள் ஒட்டிய மூன்று அட்டைகளோடு இணைக்கலாம். ஒரு கையால் பலகையின் தரைமுனையோடு இணைந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அட்டையைத் தொட்டால் உடலின் வழியே மின்சுற்று முழுமையாகும். அதில் பாய்வது உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டமே. உடனே கணினி ஓர் ஒலியை எழுப்பும்.

மூன்று அட்டைகள் என்றால் மூன்று ஒலிகள்தாம் கிடைக்கும் என்று முதலில் தோன்றும். ஏழு சுரங்களுக்கு என்ன செய்வது? இங்கேதான் சிந்தனை தொடங்குகிறது. அட்டைகளைத் தனித்தனியாகத் தொடலாம். அது மூன்று வகை. இரண்டிரண்டாகச் சேர்த்துத் தொடலாம். அது மேலும் மூன்று வகை. மூன்றையும் ஒருசேரத் தொடுவது இன்னொரு வகை. ஆக மொத்தம் ஏழு! மூன்று விரல்களால் ஏழு சுரங்களையும் எழுப்பிவிடலாம். துளைகளை விரல்களால் மாற்றி மாற்றி மூடி, துளைகளின் எண்ணிக்கையைவிட அதிகமான ஒலிகளைப் பெறும் புல்லாங்குழலின் நுட்பமும் இதைப் போன்றதே. குறைவான பொருளைக் கொண்டு நிறைவான பயனைப் பெறும் இந்த வழியைப் பாடமாகப் படித்து மனப்பாடம் செய்யும் மாணவர் விரைவில் மறந்துவிடலாம். தம் விரல்களால் கண்டுபிடித்தவர் மறக்கமாட்டார்.

எண்களைக் காது திருத்தும்

ஒரு பொருள் ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் அளப்பார்கள். ச என்னும் சுரத்தை 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், மேல் ச அதைப்போல் இரு மடங்காக, 480 ஹெர்ட்ஸில் அமையும். இப்போது, பலகையைச் சாய்க்கும்போது ஒலி உயர வேண்டும் என்று ஒரு மாணவர் விரும்புகிறார் எனக் கொள்வோம். சமமாகப் பிடித்திருக்கும்போது சாய்வு உணரி 0 என்ற எண்ணைத் தரும். ஒரு பக்கமாகச் செங்குத்தாகச் சாய்த்தால் ஏறத்தாழ 1000 என்ற எண்ணைத் தரும். அந்த எண்ணை 0.24ஆல் பெருக்கி 240ஐக் கூட்டினால் கணக்கு முடிந்தது. 0க்கு 240 ஹெர்ட்ஸ். 1000க்கு 480 ஹெர்ட்ஸ்.

தாளில் இந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால், கருவியை வாசித்துப் பார்த்தால் கீழ்ச் சுரங்கள் நெருக்கியடித்துக்கொண்டும் மேல் சுரங்கள் விலகியும் நிற்கின்றன. காரணம் என்ன? உணரி தரும் எண் சரிபாதியாக இருக்கும்போது 360 ஹெர்ட்ஸ் ஒலிக்கிறது. அது ப என்னும் சுரம். ச முதல் மேல் ச வரை உள்ள 12 படிகளில் ஏழு படிகள் முதற்பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. மீதி ஐந்து படிகளே பிற்பாதியில் பரவிக் கிடக்கின்றன. மனிதக் காது ஒலியின் உயர்வைக் கூட்டல் கணக்கில் கேட்பதில்லை. பெருக்கல் கணக்கில் கேட்கிறது. ஆகவே, ஒவ்வொரு படிக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவதற்குப் பதிலாக ஏறத்தாழ 1.0595 என்ற எண்ணால் பெருக்கிக்கொண்டே செல்ல வேண்டும். பன்னிரண்டு முறை பெருக்கியதும் விடை இரு மடங்காகும். அடுக்குக்குறி எண்கள் எதற்குப் பயன்படுகின்றன என்று கணித வகுப்பில் சலித்துக்கொள்ளும் மாணவருக்கு இங்கே விடை கிடைக்கிறது.

அடுத்த சிக்கலும் காத்திருக்கிறது. கையை எவ்வளவு அசையாமல் வைத்திருந்தாலும் உணரி தரும் எண் சற்றே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஒலி நடுங்கும். கடைசியாகக் கிடைத்த பத்து எண்களின் சராசரியை எடுத்தால் நடுக்கம் குறையும். ஆனால், சராசரி எடுக்க எடுக்க ஒலி தாமதமாகும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானாலும் தாளத்தோடு வாசிப்பவருக்கு அது தெளிவாகத் தெரிந்துவிடும். நடுக்கத்தைக் குறைத்தால் தாமதம் கூடுகிறது. தாமதத்தைக் குறைத்தால் நடுக்கம் கூடுகிறது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது? இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் விடை இல்லை. செய்பவரே கேட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தேர்வுத்தாளில் ஒரே விடைக்குப் பழகிய மாணவருக்கு இத்தகைய முடிவெடுக்கும் பயிற்சி மிகவும் தேவை.

யாருடைய சுரங்கள்?

கையால் செய்வதற்கு இவற்றைவிட வலுவான காரணமும் உண்டு. பெரும்பாலான மின்னணு விசைப்பலகைகள் ஒரு தாயியை 12 சம பங்குகளாகப் பிரித்தே ஒலிக்கின்றன. மேற்கத்திய இசையின் தேவைகளுக்கு ஏற்ப வளர்ந்த ஏற்பாடு அது. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால், உலகில் உள்ள ஒரே ஏற்பாடும் அதுவன்று.

இயற்கையான விகிதங்களைக் கொண்டும் சுரங்களை அமைக்கலாம். ச 240 என்றால் ரி 270, க 300, ப 360, த 400, மேல் ச 480 என முழு எண்களாகவே வரும். இவை மோகன ராகத்துக்குரிய சுரங்கள். இதே க, சமமாகப் பிரித்த விசைப்பலகையில் ஏறத்தாழ 302.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். வேறுபாடு மிகச் சிறியதுதான். ஆயினும், ச ஒலித்துக்கொண்டிருக்கும்போது 300ஐயும் 302.4ஐயும் அடுத்தடுத்துச் சேர்த்துக் கேட்டால் பழகிய காது வேறுபாட்டை உணரும். கடையில் வாங்கிய விசைப்பலகையோடு நின்றுவிடும் மாணவருக்கு இப்படியொரு வேறுபாடு இருப்பதே தெரியாமல் போகலாம். தாமே நிரல் எழுதும் மாணவரோ ஓர் எண்ணை மாற்றி உடனே கேட்டுவிடலாம்.

சுரத்தின் இடம் ஒருபுறம் இருக்க, கமகம் என்னும் அசைவும் இருக்கிறது. கருநாடக இசையில் ஒரு சுரம் பெரும்பாலும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதில்லை. அது அசைந்தும் வளைந்தும் அடுத்த சுரத்தைத் தொட்டும் வருகிறது. படிக்கட்டுப்போல அமைந்த விசைகளில் இந்த அசைவைக் கொண்டுவருவது கடினம். சாய்த்து வாசிக்கும் சிறு கணினியிலோ ஒலி வழுக்கிக்கொண்டே செல்லும். அதை வைத்துக் கமகத்தைத் தேர்ந்த கலைஞரைப் போல் வாசித்துவிட முடியாது. ஆனால், ஒரு கருவியின் அமைப்புக்கும் அதில் பிறக்கும் இசைக்கும் உள்ள உறவு மாணவருக்குப் புரிந்துவிடும்.

இந்த உறவை உணர்ந்தவர்கள் கருவிகளையே மாற்றியிருக்கிறார்கள். மாண்டலின் மேலைநாட்டுக் கருவி. அதில் வழக்கமாக நான்கு இரட்டைத் தந்திகள் இருக்கும். மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் அவற்றை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினில் கமகங்களை வாசித்து உலகப் புகழ்பெற்றார். பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண், 1970களின் இறுதியில் பெங்களூரில் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். இன்று எத்தனையோ கச்சேரி மேடைகளிலும் இசை வகுப்புகளிலும் சுருதிக்குத் துணைநிற்பது அத்தகைய மின்னணுக் கருவியே. நம்முடைய இசைக்கு இது போதாது என்று முணுமுணுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. போதாததைத் தங்கள் கைகளால் மாற்றினார்கள்.

செய்யும் அறிவு மறைந்தால் என்ன நேரும் என்பதற்கும் தமிழிசை வரலாற்றிலேயே சான்று உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்குப் பெயரிட்ட பழந்தமிழர் யாழைப் பெரிதும் போற்றினர். காலப்போக்கில் யாழ் வழக்கொழிந்தது. அதைச் செய்வோரும் இல்லாமற்போயினர், வாசிப்போரும் இல்லாமற்போயினர். பாடல்களிலும் சிற்பங்களிலும் மட்டுமே அது எஞ்சியது. இலங்கையில் பிறந்து அறிவியல் பயின்ற விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ள குறிப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கணிதத்தின் துணையோடு யாழின் அமைப்பையும் சுர அளவுகளையும் விளக்கி, 1947ஆம் ஆண்டில் யாழ்நூல் என்னும் நூலை வெளியிட்டார். ஒரு கருவியைச் செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமற்போனதால், அதை மீட்பதற்கு ஓர் அறிஞரின் நெடுங்கால உழைப்பு தேவைப்பட்டது.

மறுப்புகளும் விடைகளும்

இத்தகைய முயற்சியை ஏற்காதவர்களும் உள்ளனர். அவர்கள் கூறும் காரணங்களைப் புறந்தள்ளிவிட முடியாது.

முதலாவதாக, நேரம். பாடங்கள், தேர்வுகள், இணைப்பாட நடவடிக்கைகள் ஆகியவற்றுக்கிடையே இதற்கு எங்கே நேரம் என்று பெற்றோர் கேட்பது இயல்பே. ஆனால், மின்சுற்றும் ஒலியும் அறிவியல் பாடத்தில் வருகின்றன. விகிதமும் அடுக்குக்குறியும் கணிதத்தில் வருகின்றன. தனித்தனி அறைகளில் கற்றவை ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஒன்றுசேர்கின்றன. பள்ளி விடுமுறையின் சில நாள்களே இதற்குப் போதும்.

இரண்டாவதாக, செலவும் மின்னணுக் கழிவும். வாங்கிய பலகை சில வாரங்களில் அலமாரியில் முடங்கிவிடும் என்பது நியாயமான அச்சமே. எனினும், கவ்விகளால் இணைத்த கருவியை எளிதில் பிரித்துவிடலாம். இன்று இசைக்கருவியாக இருக்கும் பலகை நாளை செடிக்கு நீர் தேவையா என்று பார்க்கும் கருவியாகலாம். ஒவ்வொருவரும் ஒன்றை வாங்காமல் பள்ளியிலிருந்தோ நண்பரிடமிருந்தோ இரவல் பெறுவதே சிறந்தது.

மூன்றாவதாக, இது வெறும் விளையாட்டுப் பொருள் என்பார்கள் சிலர். முறையாக இசை பயிலாமல் கம்பியை இணைத்தவர் இசைக்கலைஞராகிவிடுவாரா என்று கேட்பார்கள். ஆகமாட்டார். ஆண்டுக்கணக்கில் செய்யும் சாதகத்துக்கு எந்தக் கணினியும் ஈடாகாது. ஆயினும், விளையாட்டாகத் தொடங்கியவை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ரஷ்யரான லியோன் தெரமின் 1920ஆம் ஆண்டு வாக்கில், கையால் தொடாமலேயே வாசிக்கும் மின்னணுக் கருவியை உருவாக்கினார். பிற்காலத்தில் அமெரிக்காவில் ராபர்ட் மோக் என்னும் சிறுவர் தம் பதின்ம வயதில் அந்தத் தெரமின் கருவியை வீட்டிலேயே செய்து பார்த்தார். அவர் வளர்ந்து 1964ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய மின்னணு ஒலியாக்கி, உலகத் திரையிசையிலும் மெல்லிசையிலும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. கருவி செய்யும் எல்லாரும் மோக் ஆகப்போவதில்லை. ஆனால், செய்து பார்க்காத ஒருவர் அப்படி ஆவதற்கு வாய்ப்பே இல்லை.

பள்ளிகள் என்ன செய்யலாம்?

பல இடங்களில் மாணவர்களுக்கு ஆயத்தப் பெட்டி ஒன்று கொடுக்கப்படுகிறது. இந்தக் கம்பியை இங்கே செருகு, இந்தக் கட்டத்தை அங்கே நகர்த்து என்று படிப்படியாக எழுதிய தாளும் கொடுக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்தில் எல்லாருடைய கருவியும் ஒரே மெட்டை ஒரே மாதிரி ஒலிக்கும். படம் எடுத்துக்கொண்டு கலைந்து செல்வார்கள். இதைக் கருவி செய்தல் என்று சொல்வது பொருந்தாது. கட்டளைக்குக் கீழ்ப்படிதல் என்றே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அத்தகைய தாள் தேவைதான். ஆனால், அதன் பிற்பாதி வெறுமையாக இருக்க வேண்டும்.

அந்த வெறுமையான பகுதியை மாணவர் நிரப்பட்டும். எந்தச் சுரங்கள்? தொட்டு வாசிப்பதா, சாய்த்து வாசிப்பதா? ஒரு கையை மட்டும் பயன்படுத்தக்கூடிய நண்பரும் வாசிக்க வேண்டுமானால் கருவி எப்படி அமைய வேண்டும்? பாட்டியின் காதுக்குக் கேட்க வேண்டுமானால் ஒலி எப்படி இருக்க வேண்டும்? இத்தகைய கேள்விகளை மாணவரே எழுப்பி மாணவரே விடை தேடட்டும். நிரலாக்கத்தில் ஆர்வமுள்ள ஒருவரையும் இசை பயிலும் ஒருவரையும் ஒன்றாகச் சேர்த்தால் இருவருமே பயன்பெறுவர். ஒருவருக்கு எண் தெரியும்; மற்றவருக்குச் சுருதி தெரியும்.

மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். கருவி எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதற்கு மட்டும் மதிப்பெண் வழங்கினால், மாணவர்கள் ஆயத்தப் பெட்டியையே நாடுவார்கள். என்னென்ன பிழைகள் நேர்ந்தன, அவற்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எதை ஏன் மாற்றினார்கள் என்பதை அவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். அந்தக் குறிப்பேட்டுக்கே பாதி மதிப்பெண் வழங்கலாம். பாதுகாப்புக்கும் இடம் தர வேண்டும். சிறிய மின்கலத்திலேயே இயங்கும் இக்கருவியை வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைக்கவே கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

அட்டைப்பெட்டியிலிருந்து முதலில் எழும் ஒலி கீச்சென்றுதான் இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவும் கூடும். ஆனால், அந்தக் கீச்சொலி ஏன் பிறந்தது, அதை எப்படித் திருத்தலாம் என்பவை அந்த மாணவருக்குத் தெரியும். கைப்பேசியில் இனிமையாக ஒலிக்கும் ஆயிரம் கருவிகளில் ஒன்றைப் பற்றிக்கூட அவரால் அப்படிச் சொல்ல முடியாது. பிறர் செய்த கருவியில் வாசிக்கப் பழகியவர்கள் பலர். தமக்கு வேண்டிய கருவியைத் தாமே செய்யத் துணிபவர்கள் சிலர். அந்தச் சிலரின் எண்ணிக்கை பள்ளிப் பருவத்திலேயே பெருக வேண்டும்.